கண் திறந்த படம்

போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அமல்ராணி ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. திண்டிவனம் கோர்ட்டில் பியூனாக இருந்த அவளுடைய அப்பா லூர்துநாதன், மகள் டைப்ரைட்டிங் படித்தால் ஏதாவது ஓர் ஆபீசில் உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்து, 1983 ஜூனில் விழுப்புரத்தில் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளிக்கு அவளை அழைத்துப்போனார். டைப்ரைட்டிங்கில் இடம் முடிந்திருந்தது. தையலிலும் இல்லை.

"போட்டோகிராபின்னு புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கோம். அதுல இருக்குது. சேர்றியா?" என்றார் ஆபீஸ் கிளார்க்.

அப்பா மகளைப் பார்த்தார். மகள் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தாள். சேர்ந்துவிட்டாள்.

வகுப்பில் பதினோரு பேர். பெண்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி அமல்ராணி, இன்னொருத்தி கீழ்ப்பெரும்பாக்கத்திலிருந்து வந்த காந்திமதி. பாடம் எடுத்த இருதயராஜ் சார் கரும்பலகைப் பக்கமே போகமாட்டார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு ப்ராஜெக்ட் கொடுப்பார். இரண்டு பேருக்கு ஒரு கேமரா, பன்னிரண்டு படம் பிடிக்கிற ஒரு ஃபிலிம் சுருள். "போய் எடுத்துக்கினு வாங்க. செவுத்துல மாட்டுங்க. அப்பறம் பேசலாம்" என்பார். அவ்வளவுதான் வகுப்பு.

முதல் ப்ராஜெக்ட், ரயில்வே ஜங்ஷனில் ஒரு மணி நேரம். மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ் உள்ள யாஷிகா கேமரா அது. மேல் லென்ஸ் வழியாகப் பார்க்க வேண்டும், கீழ் லென்ஸ் படம் பிடிக்கும். கீழ் லென்ஸின் மூடியைக் கழற்ற வேண்டும் என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. போர்ட்டர்கள், பாண்டிச்சேரி வண்டி, தண்ணீர்க் குழாயில் சண்டை என்று பன்னிரண்டு படங்களையும் ரசித்து ரசித்து எடுத்தார்கள். கழுவிப் பார்த்தபோது ஃபிலிம் ஒன்றும் பதியாமல் கண்ணாடி மாதிரி இருந்தது. மற்ற ஒன்பது பேரும் ஒரு வாரம் சிரித்தார்கள்.

இரண்டாவது, முகத்தைக் காட்டாமல் ஓர் ஆளைக் காட்டுவது. மார்க்கெட்டில் முழம் போட்டு மல்லிகை அளக்கிற ஒரு அம்மாவின் முழங்கையையும் விரல்களையும் அமல்ராணி எடுத்தாள். அந்தப் படம் நன்றாக வந்தது. இருதயராஜ் சார் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். ஒன்றும் சொல்லாவிட்டால் நல்ல படம் என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அன்றைக்கு மாலை பாசஞ்சரில் திண்டிவனம் திரும்பும்போது, எதிரில் உட்கார்ந்திருந்தவர்களின் கைகளையே அவள் பார்த்துக்கொண்டு வந்தாள். டைப்ரைட்டிங் மறந்து போயிருந்தது.

மூன்றாவது ப்ராஜெக்ட் 1984 பொங்கல் முடிந்ததும் வந்தது. வீணாய்ப்போன பழைய படம் ஒன்றைத் தேடிப்பிடித்து, காப்பி எடுத்து, திருத்தி, புதிதாக்கித் தர வேண்டும். நெகட்டிவ் மேல் கூர்மையான பென்சிலால் தொட்டு முகத்துக் குழிகளை நிரப்புவதையும், பிரிண்ட் மேல் மெல்லிய பிரஷ்ஷால் புள்ளி வைத்துக் கறைகளை மறைப்பதையும் சார் செய்து காட்டியிருந்தார். நன்றாகச் செய்பவர்களின் படம் மெட்ராசில் நடக்கும் மாணவர் கண்காட்சிக்குப் போகும் என்றும் சொன்னார்.

"காணையில எங்க அத்தை முறை ஒருத்தங்க இருக்காங்க. அவங்க வச்சிருக்கற போட்டோ மழையில நனைஞ்சு போச்சாம். போய்ப் பார்க்கலாமா?" என்றாள் காந்திமதி.

டவுன் பஸ்சில் காணை கிராமத்துக்குப் போனார்கள். ஓட்டு வீடு. வாசல் முழுக்க மல்லாட்டை என்கிற நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. காந்திமதியின் அத்தை வீரம்மாள் அவர்களை உள்ளே உட்காரவைத்து, டிரங்குப் பெட்டியிலிருந்து மஞ்சள் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்தாள். துணியைப் பிரிக்காமல் அமல்ராணியின் மடியில் வைத்தாள்.

"இதான் பாப்பா. எம் மூத்தவ, கோவிந்தம்மா."

துணிக்குள் இருந்த படத்தில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை நிறையப் பூ, நெற்றியில் பெரிய பொட்டு, புதுப் புடவை. தலை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. மார்புக்குக் கீழே நாற்காலியோடு சேர்த்து ஒரு துணி கட்டியிருந்தது. அந்தத் துணியைப் பார்த்த பிறகுதான் அமல்ராணிக்கு விஷயம் புரிந்தது. கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீர் கன்னத்தில் பழுப்பாக ஒரு கோடு போட்டிருந்தது.

"மஞ்சக்காமாலைன்னு தெரியறதுக்குள்ள போயிட்டா. ரெண்டு வருஷம் ஆச்சு. விழுப்புரத்துலேர்ந்து ஆளைக் கூட்டிக்கினு வந்து அன்னிக்கு எடுத்தது" என்றாள் வீரம்மாள்.

"உசுரோட இருக்கும்போது எடுத்தது ஒண்ணும் இல்லீங்களாம்மா?" என்று கேட்டாள் அமல்ராணி.

"இல்ல. போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும்னு எங்க வூட்ல சொல்லுவாங்க. மேல்மலையனூர் திருவிழாவுல ஒரு தபா கேட்டா. அங்க ஏரோப்ளேன் படம் வரைஞ்ச சீலை கட்டி போட்டோ எடுக்கறாங்கல்ல, அத்தப் பார்த்துட்டு, ஒண்ணே ஒண்ணும்மான்னு கேட்டா. கையப் புடிச்சி இழுத்துக்கினு வந்துட்டேன்." வீரம்மாள் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "ஆயுசு கொறையும்னு தான பயந்தேன். என்னா ஆச்சு?"

அமல்ராணி கறை விழுந்த கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"கறையை எடுத்துடு பாப்பா. அப்பறம்... கண்ணைத் தொறந்து குடுப்பியா? ஸ்டுடியோவுல அந்த மாதிரியெல்லாம் பண்ணுவாங்கன்னு சொல்றாங்க."

காந்திமதி அமல்ராணியின் தொடையைக் கிள்ளினாள். அதற்குள் அமல்ராணி, "பண்ணித் தர்றேம்மா" என்று சொல்லிவிட்டிருந்தாள். ஏன் சொன்னாள் என்று பிற்பாடு எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள். அந்த அம்மா கேட்ட விதத்தில் இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை என்பது ஒரு காரணம். முடியுமா என்று பார்த்துவிட வேண்டும் என்ற துடிப்பு இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரியது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கறை சுலபமாகப் போயிற்று. நாற்காலித் துணியையும் பிரஷ்ஷால் மறைத்து, புடவை மடிப்பு மாதிரி ஆக்கிவிட்டாள். கண்தான் வரவில்லை. மூடிய இமைமேல் பிரஷ்ஷால் வரைந்த முதல் கண் பொம்மைக் கண்ணாக இருந்தது. அடுத்ததில் கோவிந்தம்மாள் எதையோ கண்டு மிரண்டவள் போல இருந்தாள். மூன்றாவதைப் பார்த்த இருதயராஜ் சார், "வரைஞ்ச கண்ணு வரைஞ்ச கண்ணாத்தான் இருக்கும். கண்ணு வேணும்னா கண்ணுதான் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் எதை நினைத்துச் சொன்னாரோ தெரியாது. அமல்ராணிக்கு அது ஒரு வழி சொன்ன மாதிரி இருந்தது.

கோவிந்தம்மாளுக்கு ஒரு தங்கை உண்டு. அம்சா. பத்தாவது படித்தாள். முதல் தடவை போனபோது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். அதே நெற்றி, அதே புருவம்.

"வேணாண்டி. எனக்கு என்னமோ மாதிரி இருக்குது" என்றாள் காந்திமதி.

"யாரோ ஒருத்தர் கண்ணையா வைக்கப்போறோம்? கூடப் பொறந்தவ கண்ணுதானே?"

"அதான் வேணாங்கறேன்."

ஆனாலும் கூட வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பகல். வீரம்மாள் களை எடுக்கப் போயிருந்தாள். அம்சா பம்புசெட்டுத் தொட்டியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அமல்ராணி விஷயத்தைச் சொன்னதும் அவள் கையிலிருந்த துணியைப் பிழியாமலேயே கல்லில் போட்டாள்.

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னே போட்டுடும்."

"தெரியாது. கண்ணு மட்டும்தான் வரும். நீன்னு யாருக்கும் தெரியாது."

அம்சா கொஞ்ச நேரம் கேமராவைப் பார்த்தாள். அதன் மேல்மூடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தென்னைமரம் உள்ளே இருக்கிறதென்று சிரித்தாள். பிறகு, "எனக்கு ஒரு காப்பி குடுப்பியாக்கா?" என்றாள்.

"கண்டிப்பாத் தர்றேன்."

பழைய படத்தில் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து விழுந்திருந்தது. அதே மாதிரி அம்சாவைத் தொட்டிச் சுவரில் உட்காரவைத்து, தலையை இடப்பக்கம் சாய்க்கச் சொன்னாள். எவ்வளவு சாய்வு என்று காகிதத்தில் அளந்து கொண்டு வந்திருந்தாள். அம்சா அசையாமல் உட்கார்ந்தாள். ஈரக்கைகள் மடியில் இருந்தன. படத்தில் இருந்த அக்கா மாதிரியே அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க முடியாமல் காந்திமதி திரும்பிக்கொண்டு கரும்புத் தோட்டத்தைப் பார்த்தபடி நின்றாள்.

ஆறு படம் எடுத்து முடிந்ததும் அம்சா கேட்டாள்: "இதனால ஒண்ணும் ஆயிடாதுல்லக்கா?"

"பைத்தியம். என்னா ஆவும்?" என்றாள் அமல்ராணி.

அம்சாவின் முகத்தைக் கோவிந்தம்மாளின் முகத்தளவுக்கே பெரிதாக்கி ஒரு பிரிண்ட் போட்டாள். பிளேடால் இரண்டு கண்களையும் வெட்டி எடுத்தாள். பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து ஓரங்களை வெங்காயத்தோல் மாதிரி மெல்லிசாக்கி, மூடிய இமைகளின் மேல் ஒட்டினாள். ஒட்டிய கோடு தெரியாமல் பிரஷ்ஷால் புள்ளி வைத்தாள். பிறகு அதை மறுபடி கேமராவில் காப்பி எடுத்தாள். வேலை பத்து நாள் இழுத்தது. கண் இல்லாத அம்சாவின் முகம் மேசை டிராயரில் கிடந்தது. அதை எடுத்துக் குப்பையில் போட அவளுக்குக் கை வரவில்லை.

கடைசி பிரிண்ட் போடும்போது டார்க் ரூமில் காந்திமதியும் இருந்தாள். சிவப்பு விளக்கு. டிரேயில் டெவலப்பர். வெள்ளைத் தாளை உள்ளே அழுத்திவிட்டு அமல்ராணி டிரேயை மெதுவாக ஆட்டினாள். ஒரு படத்தில் எது அதிகக் கறுப்போ அதுதான் முதலில் எழும். தாள் வெறும் வெள்ளையாக இருக்கும்போதே அதில் இரண்டு விழிகள் வந்தன. முகம் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. தண்ணீருக்கடியிலிருந்து இரண்டு கண்கள் மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

காந்திமதி கத்தவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினாள். பகல் வெளிச்சம் உள்ளே பாய்ந்து டிரேயில் இருந்த தாள் மொத்தமும் கறுத்துப்போனது. அடுத்ததை அமல்ராணி தனியாகப் போட்டாள். இந்தத் தடவை தாளைக் கவிழ்த்துப் போட்டு, நூறுவரை எண்ணி, பிறகுதான் திருப்பினாள்.

கோவிந்தம்மாள் விழித்திருந்தாள்.

ஃபிரேம் போட்ட படத்தை இரண்டு பேருமாகக் காணைக்குக் கொண்டுபோனார்கள். வீரம்மாள் அதை வாங்கி வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போனாள். வெகுநேரம் பார்த்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள், அதில் துடைக்க ஒன்றுமில்லை. அழுவாள் என்று அமல்ராணி எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. படத்தைப் பார்த்து, பள்ளிக்கு நேரமாகிவிட்ட பிள்ளையிடம் பேசுகிற மாதிரி, "இப்பத்தான் முழிச்சியாடி?" என்று கேட்டாள்.

அம்சா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். படத்தைப் பார்க்க அவள் வரவில்லை.

ப்ராஜெக்டில் அந்தப் படத்துக்குத்தான் முதலிடம். இன்னொரு பிரிண்ட் போடச் சொல்லி, அட்டையில் ஒட்டி, இருதயராஜ் சார் அதை வராந்தாவில் மாட்டினார். டைப்ரைட்டிங் பெண்களும் தையல் பெண்களும் கூட்டமாக வந்து பார்த்தார்கள். "செத்தவங்கன்னு சொன்னாத்தான் தெரியுது" என்றார்கள். டார்க் ரூமுக்குப் போக அந்த வராந்தாவைத்தான் கடக்க வேண்டும். அமல்ராணி தலையைக் குனிந்துகொண்டு போவாள். குனிந்து போனாலும் எந்த இடத்தில் படம் தாண்டுகிறது என்று காதோரத்தில் தெரியும். யாருடைய படமானாலும் இப்போது தாளைக் கவிழ்த்துத்தான் டிரேயில் போட்டாள். ரயிலில் எதிர்சீட்டுப் பெண் கண்ணை மூடித் தூங்கினால் எழுந்து வேறு பெட்டிக்குப் போனாள். வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது, மரித்தவர்களுக்கான ஜெபத்தில் கோவிந்தம்மாள் பெயரை மனதுக்குள் சேர்த்துக்கொண்டாள். அப்போதெல்லாம் அவள் கண்ணுக்குள் வந்தது அம்சாவின் முகம்.

மாசிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடச் சீருடையோடு அம்சா பயிற்சிப் பள்ளிக்கு வந்து நின்றாள். இளைத்திருந்தாள். தலைமுடி சிக்கு விழுந்து கிடந்தது.

"காப்பி தர்றேன்னு சொன்னியேக்கா" என்றாள்.

அமல்ராணி அவளை வராந்தாப் பக்கம் விடாமல் பின்பக்க மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். "என்னா அம்சா, ஒடம்பு சரியில்லையா?"

"ரெண்டு வாட்டி ஜொரம் வந்துச்சி." காலால் மண்ணைக் கிளறினாள். "அந்தப் போட்டோ வந்ததுலேர்ந்து அம்மா என் மூஞ்சியப் பார்க்கறதே இல்லக்கா. சோறு போட்டா தட்டைப் பார்த்துக்கினே போடுது. தலை வார்றதையும் விட்டுடுச்சி. ஆனா அது முன்னாடி குந்திக்கினு பேசிக்கினே இருக்குது. என்னா வெதைச்சோம், யாரு வந்தாங்க, எல்லாத்தையும் அதுகிட்ட சொல்லுது. அதுல இருக்கறது என் கண்ணு. என் கண்ணைப் பார்த்துத்தான் பேசுது, என்னைப் பார்க்க மாட்டேங்குது."

அமல்ராணி அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"நானும் செத்துடுவேனாக்கா?"

காப்பி இல்லை. இருந்த ஒரே பிரிண்டை அவள் வெட்டிவிட்டாள். அதைச் சொல்லாமல், "இங்கயே இரு" என்று அம்சாவை நிற்கவைத்துவிட்டு டார்க் ரூமுக்குப் போனாள். நெகட்டிவை எடுத்து மறுபடி ஒரு பிரிண்ட் போட்டு, ஈரத்தோடு கொண்டுவந்து அம்சாவின் கையில் வைத்தாள். அம்சா அதைப் பிடித்துக்கொண்டு, தன் மூக்கையும் வாயையும் காதுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தன் படத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அடுத்த பஸ்சில் மூன்று பேரும் காணைக்குப் போனார்கள். காந்திமதியை அமல்ராணி கூப்பிடவில்லை, அவளாகவே வந்து ஏறிக்கொண்டாள்.

வீரம்மாள் கொல்லைப்புறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அமல்ராணி நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். "அது அம்சா கண்ணும்மா. உங்களக் கேக்காம எடுத்துட்டேன். தப்பு என்னுதுதான். அவளைத் திட்டாதீங்க."

வீரம்மாள் உரிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"பெத்தவளுக்கு எது யார் கண்ணுன்னு தெரியாதா? கையில வாங்கினதுமே தெரிஞ்சிபோச்சி." தோலை உதறினாள். "இருக்கறவ கண்ணை எடுத்து இல்லாதவளுக்கு வெச்சிட்டியே பாப்பா. அவ அந்தக் கண்ணை வெச்சிக்கினு பார்க்கறா. நான் இவளப் பார்த்தா, நம்ம அம்மா தங்கச்சியத்தான் பார்க்குதுன்னு அவளுக்குத் தெரியுமில்ல? தங்கச்சி மேல பாசம் ஜாஸ்தி அவளுக்கு. நீயும் வாடின்னு கூப்ட்டுக்கினு போயிட்டா? அதான் நான் இவளப் பார்க்கறதில்ல. அவளப் பார்த்துப் பேசிக்கினே இருந்தா வேற நெனப்பு வராம இருப்பான்னுதான் குந்திக்கினு இருந்தேன். ரெண்டு வாட்டி ஜொரம் வேற வந்துச்சி. வயித்துல நெருப்பக் கட்டிக்கினு கெடந்தேன்."

அம்சா அம்மாவைப் பார்த்தபடி நின்றாள். அம்மா என்ன நினைத்திருந்தாள் என்பது அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"அம்மா, அப்படியெல்லாம் எதுவும்..." என்று ஆரம்பித்த அமல்ராணி பாதியில் நிறுத்திக்கொண்டாள். டார்க் ரூமில் தாளைக் கவிழ்த்துப் போடுகிறவளுக்கு அதைச் சொல்ல என்ன யோக்கியதை?

"மூடிடு பாப்பா. அவ தூங்கட்டும்" என்றாள் வீரம்மாள்.

கறை எடுத்த, கண் மூடிய காப்பி ஒன்றும் அமல்ராணியிடம் இருந்தது. அதையும் நெகட்டிவ்களையும் பையிலேயே கொண்டுவந்திருந்தாள். ஃபிரேமைப் பிரித்து அதை உள்ளே வைத்தாள். எடுத்த படத்தையும் அதன் நெகட்டிவையும் மல்லாட்டைத் தோலைக் குவித்து அதன்மேல் வைத்துக் கொளுத்தினார்கள். நெகட்டிவ் சுருண்டு நாற்றமெடுத்தது. படம் ஓரத்திலிருந்து எரிந்துகொண்டு வந்தபோது காந்திமதி அம்சாவின் முகத்தைத் தன் தோளோடு திருப்பி வைத்துக்கொண்டாள்.

அம்சாவின் நெகட்டிவையும் அமல்ராணி நீட்டினாள். வீரம்மாள் அதை நெருப்பில் போடவில்லை. "இது உசுரோட இருக்கறவளுது. இத்தப் போய் எரிப்பாங்களா?" என்று வாங்கி மஞ்சள் துணியில் முடிந்தாள். பிறகு கேட்டாள்: "அது ஒண்ணுதான? வேற எதுவும் இல்லியே?"

வராந்தாவில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகக் கழற்றிக் கிழித்துவிடலாம். எதற்கு இந்த அம்மாவை மறுபடி கலங்கடிக்க வேண்டும்?

"இல்லம்மா. அது ஒண்ணுதான்."

காந்திமதி அவளைத் திரும்பிப் பார்த்தாள். வீரம்மாள் எழுந்தாள். அம்சாவின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு மாதப் பசியோடு பார்க்கிறவள் போலப் பார்த்தாள். "எண்ணெயே வெக்காம எப்பிடி இருக்கற பாரு" என்று அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை வராந்தாவில் ஆணி மட்டும் இருந்தது.

"சனிக்கிழமையே பார்சல் பண்ணி மெட்ராசுக்கு அனுப்பியாச்சே. எதுக்கு மூஞ்சி இப்பிடிப் போவுது? நம்ம பள்ளியிலேர்ந்து உன்னுது ஒண்ணுதான் செலக்ட் ஆயிருக்குது" என்றார் இருதயராஜ் சார். திருப்பி அனுப்பச் சொல்லி எழுத வேண்டும் என்று அவள் கேட்டபோது அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் எழுதினார். பதில் வரவில்லை. மே மாதம் அப்பாவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு அமல்ராணியே மெட்ராசுக்குப் போனாள். கண்காட்சி முடிந்து மண்டபத்தில் யாருடைய கல்யாணத்துக்கோ வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கண்காட்சி நடத்தியவர்களுக்கு எழும்பூரில் இருந்த மாடி ஆபீசின் கிளார்க் நோட்டைப் புரட்டினார். வந்து கேட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று, மிச்சத்தை யார் யாரோ பள்ளிகளுக்கும் ஆபீஸ்களுக்கும் மாட்ட எடுத்துப்போனார்கள், எது எங்கே போனது என்று குறிக்கவில்லை என்றார்.

"நல்ல படமாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றாள் அமல்ராணி.

சான்றிதழ் வாங்கிய பிறகு திண்டிவனத்தில் மாசிலாமணி என்பவருடைய ஸ்டுடியோவில் சேர்ந்தாள். படம் திருத்துகிற ரீடச்சிங் வேலைக்கு அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை என்று பேர் வந்தது. பெண் பார்க்க அனுப்புகிற படத்தில் அம்மைத் தழும்பை எடுப்பாள், தாத்தா காலத்துப் படத்துக்குக் கிழிந்துபோன காலை வரைந்து கொடுப்பாள். கண் திறக்கிற வேலை மட்டும் செய்யமாட்டாள். வருஷத்துக்கு நாலைந்து பேராவது அதைக் கேட்டு வருவார்கள். மூடின கண்ணே அழகாக இருக்கிறது என்பாள். அதற்கும் கேட்காவிட்டால் கையெடுத்துக் கும்பிடுவாள். மாசிலாமணி முதலில் பேஜாராகிக் கத்தினார், பிறகு அந்த வேலைகளைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பப் பழகிக்கொண்டார்.

வெளியூர் போனால், நுழைகிற எந்த ஆபீசிலும் அவள் முதலில் பார்ப்பது சுவரை. காணையிலிருந்து யாராவது வந்தால், அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே அம்சா எப்படி இருக்கிறாள் என்று கேட்பாள். அம்சா பத்தாவது தேறினாள், பன்னிரண்டாவதும் தேறினாள் என்று காந்திமதி கடிதம் எழுதுவாள். நல்ல செய்தியாக வர வர, இன்னும் எத்தனை நாளுக்கோ என்ற பயமும் கூடவே வந்தது.

1988 ஜூலையில் ஒரு காலை, அம்சாவும் வீரம்மாளும் ஸ்டுடியோ வாசலில் நின்றார்கள்.

"நர்ஸ் டிரெய்னிங்குக்கு அப்ளிகேஷன் போடணும்க்கா. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேக்கறாங்க" என்றாள் அம்சா. பத்தொன்பது வயது. நல்ல உயரம். "விழுப்புரத்துலயே எடுத்துக்கலாம்னேன். அம்மாதான், உன்கிட்டதான் வரணும்னு ஒத்தைக் கால்ல நிக்குது."

அமல்ராணி அவளை ஸ்டூலில் உட்காரவைத்து விளக்குகளைப் போட்டாள். நான்கு வருஷத்துக்கு முன் தலையைச் சாய்க்கச் சொன்ன அதே பெண்ணிடம், "நேரா உக்காரு அம்சா. தலை சாயக்கூடாது" என்றாள். கேமரா வழியாக அந்தக் கண்களைப் பார்க்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அம்சா அலட்சியமாகப் பார்த்தாள், அவளுக்குப் பஸ்சைப் பிடிக்க வேண்டும் என்ற கவலை. இரண்டு படம் எடுத்ததும், அப்ளிகேஷனை ஜெராக்ஸ் எடுக்கக் கடைத்தெருவுக்குப் போனாள்.

வீரம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அமல்ராணி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன். இன்னொண்ணு இருந்துச்சி." மெட்ராஸ் போனது, கிளார்க் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னாள். "எங்க இருக்குதுன்னே தெரியலம்மா. இந்த நாலு வருஷமா தேடிக்கினுதான் இருக்கறேன்."

வீரம்மாளின் கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்தது. வெளியே மரக்காணம் பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"அம்சாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லாத." பிறகு, வெறும் கேள்வியாக இல்லாமல், "எந்த ஊர்ல இருக்கான்னு கூடத் தெரியல?" என்றாள்.

"தெரியலம்மா."

"மேல்மலையனூரைத் தாண்டி எங்கயும் போனதில்ல அவ" என்றாள் வீரம்மாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று பார்க்க அமல்ராணிக்குத் தைரியம் வரவில்லை. மன்னித்தாளா, மறுபடி பயப்பட ஆரம்பித்தாளா, எதுவும் தெரியவில்லை. அம்சா திரும்பி வந்ததும், எதுவும் நடக்காத மாதிரி, "ஜல்தி வாடி, பஸ்சு போயிடும்" என்று எழுந்து நடந்தாள்.

அந்த நெகட்டிவ் மேல் அமல்ராணி பென்சில் வைக்கவில்லை. அம்சாவின் நெற்றியில் சின்னதாக ஒரு அம்மைக் குழி இருந்தது, அது இருந்தபடியே பிரிண்ட் போட்டாள். தாளை டிரேயில் நிமிர்த்தித்தான் போட்டாள். கண்கள் முதலில் வந்தன. மீதி முகம் முழுவதும் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

சனிக்கிழமை அம்சா தனியாக வந்தாள். கவரைப் பிரித்து நான்கு படங்களையும் விரல்நுனியில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏன்க்கா, என் மூக்கு இவ்ளோ பெருசா?"

"பெருசுதான்" என்றாள் அமல்ராணி.

அம்சா சிரித்தாள். அம்மா இரண்டு நாளாகச் சரியாகத் தூங்குவதில்லை, என்னவென்று கேட்டால் சொல்வதும் இல்லை, நீ ஏதாவது பேசினாயா என்று கேட்டாள்.

"இல்லியே" என்றாள் அமல்ராணி. கவரை ஒட்டி அவள் கையில் கொடுத்தாள்.